வீட்டு வேலைக்கு வருபவருக்கு வாரம் 500 ராண்ட், சாப்பாடு, டாக்சிக் காசு: சட்டப்படி இது சரியா? (டர்பன்)

சரசா_வெரூலம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கோயில் மாதர் சங்கம் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் குடும்பங்களுக்காக ஒரு துண்டுத்தாள் போடுகிறது. வெரூலம், பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கம் பல வீடுகளில் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். வாரத்தில் மூன்று நாள், காலை 7.30 முதல் 2 மணி வரை, நடுவில் சாப்பிட அரை மணி. கையில் 500 ராண்ட், மதியச் சாப்பாடு, இனாண்டாவிலிருந்தோ குவாமாஷுவிலிருந்தோ வந்துபோக டாக்சிக் காசு. எழுத்தில் எதுவும் கிடையாது.

கேள்விகள்: இந்த 500 போதுமா? சாப்பாட்டையும் டாக்சிக் காசையும் சம்பளக் கணக்கில் சேர்க்கலாமா? யூ.ஐ.எஃப். (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பகுதிநேர ஆளுக்கும் உண்டா? வேலையில் அடிபட்டால் யார் பொறுப்பு? தாளின் தலைப்பில் "கண்ணியமான வேலை" என்று ஐ.நா. இலக்குகளின் பெயரைப் போட நினைக்கிறோம். வெறும் தலைப்பாக நிற்காமல் உள்ளே விஷயம் இருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொன்னால் உதவி.

பீனிக்ஸ்_கணக்கர்:

சரசா அக்கா, 500 போதாது. குறை சிறியதுதான், ஆனாலும் சட்டமீறல்.

2025 மார்ச் 1 முதல் ஓராண்டுக்குத் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்ட், இங்கே உள்ள கணக்கெல்லாம் அந்த விகிதத்தில்தான். மூன்று நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 18 மணி. 18 × 28.79 = 518.22. வாரம் 18.22 குறைகிறது, ஆண்டுக்கு 947.44. இந்த எண் ஒவ்வொரு மார்ச் 1ஆம் தேதியும் மாறும் என்பதால், தாளில் எண்ணோடு தேதியையும் போடுங்கள். தேதியில்லாத தாள் அடுத்த ஆண்டு மக்களைத் தவறான வழியில் விட்டுவிடும்.

சாப்பாடு, டாக்சிக் காசு, துணிமணி, தீபாவளி போனஸ் எதையும் இந்த 28.79க்குள் அடக்க முடியாது. சட்டம் வெளிப்படையாகவே அவற்றை ஒதுக்கிவைத்திருக்கிறது. கொடுத்தால் சம்பளத்துக்கு மேலே கொடுத்ததாகத்தான் கணக்கு. நம் ஊரில் இதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் வந்து இறங்கிய நம் முன்னோருக்கு முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், அதோடு ரேஷனும் இருப்பிடமும். அரிசி பருப்பைக் காட்டிக் கூலியைக் குறைவாக வைத்த அந்த முறையின் பாரம் நம் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல.

வீட்டிலேயே தங்கி வேலை செய்பவருக்கு மட்டும் இருப்பிடத்துக்காகச் சம்பளத்தில் 10 சதவீதம் வரை பிடிக்கலாம். அதற்கும் நிபந்தனை உண்டு: அறை மழை ஒழுகாமல் நல்ல நிலையில் இருக்க வேண்டும், குறைந்தது ஒரு ஜன்னல், பூட்டக்கூடிய கதவு, கழிப்பறையும் குளிக்கும் வசதியும். கராஜின் மூலையில் ஒரு மெத்தையைப் போட்டுவிட்டு 10 சதவீதம் பிடிக்க முடியாது. உடைந்த தட்டு, கருகிய சட்டை என்று எதற்கும் பிடித்தம் கிடையாது.

பலர் விழும் இடங்கள் மூன்று. ஒன்று, "ரெண்டு மணி நேரம் துணி தேய்த்துவிட்டுப் போங்க" என்று கூப்பிட்டால் இரண்டு மணி நேரக் காசு போதாது. ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தாலும் நான்கு மணி நேரச் சம்பளம், அதாவது 115.16. இரண்டு, ஊதியம் ஏறியதும் நாமாகவே 18 மணியை 17 ஆக்கி அதே 500ஐக் கொடுப்பது. குறைந்தபட்ச ஊதியத்தைச் சமாளிக்க ஒருதலையாக நேரத்தைக் குறைப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று அதே சட்டம் சொல்கிறது. 17 மணியில் அதே வேலையை ஓடி ஓடிச் செய்யப்போவதும் அவர்தான். மூன்று, தீபாவளிக்கு முந்தின வேலை. முறுக்குச் சுட, வீட்டைக் கழுவ என்று ஒரு நாள் 10 மணி நேரம் நீண்டால், ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்டது மிகைநேரம், ஒன்றரை மடங்கு: 9 × 28.79 = 259.11, பத்தாவது மணிக்கு 43.19, மொத்தம் 302.30. தீபாவளி இங்கே அரசு விடுமுறை அல்ல. அன்று அவருடைய வழக்கமான நாளாக இருந்து, வர வேண்டாம் என்று நாமே சொன்னால் அந்த நாள் சம்பளத்தை வெட்டக் கூடாது. அரசு விடுமுறை அவருடைய வேலை நாளில் வந்தால் வராமலே முழுச் சம்பளம், வந்து வேலை செய்தால் இரட்டை.

மாட்டினால் அபராதம் 18.22இன் அளவில் நிற்காது. குறைவாகக் கொடுத்த தொகையின் இரு மடங்கு, அல்லது மாதச் சம்பளத்தின் இரு மடங்கு, இவற்றில் எது பெரிதோ அது. 500 ராண்ட் கணக்கில் மாதச் சம்பளம் 2,166.67. ஆகவே அபராதம் 4,333 ராண்டைத் தாண்டும், பாக்கித் தொகை அதற்கு வெளியே. மறுமுறை என்றால் மும்மடங்கு.

விடுப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: 17 நாள் வேலைக்கு ஒரு நாள். மூன்று நாள்காரருக்கு ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு. நோய் விடுப்பு மூன்று ஆண்டுச் சுற்றில் 18 நாள், முதல் ஆறு மாதத்தில் மட்டும் 26 நாள் வேலைக்கு ஒன்று.

சாட்ஸ்வொர்த்_தேவி:

கணக்கர் அண்ணன் சொன்னதோடு யூ.ஐ.எஃப். பற்றி.

மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் ஓர் இடத்தில் வேலை செய்தாலே பதிவு கட்டாயம். உங்கள் கணக்கில் மாதம் 78 மணி, சம்பளம் 2,245.62. அவரிடமிருந்து 1 சதவீதம், வீட்டுக்காரர் 1 சதவீதம், ஆளுக்கு 22.46. இரண்டும் சேர்ந்து 45 ராண்ட். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் பதிவுக்கு யூ.ஐ.-8டி படிவம், பணியாளர் விவரத்துக்கு யூ.ஐ.-19. யூஃபைலிங் இணையதளத்திலேயே முடிக்கலாம்.

தவறு பெரும்பாலும் பணத்தில் நடப்பதில்லை, அறிவிப்பில் நடக்கிறது. பணம் கட்டுவது வேறு, யாருக்காகக் கட்டினோம் என்று மாதாமாதம் அறிவிப்பது வேறு. பணம் போய்க்கொண்டே இருக்கும், அவர் பெயரில் ஒன்றும் ஏறியிருக்காது. வேலை போன பிறகு அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். அதேபோல, வேலை முடிந்த தேதியையும் காரணத்தையும் யூ.ஐ.-19இல் போடாமல் விட்டால், கணினியில் அவர் இன்னும் வேலையில் இருப்பதாகவே காட்டும், மனு அங்கேயே நின்றுவிடும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் இதே கதிதான். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது. பதிவு செய்யும் அன்றே அட்டையை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

நான்கு நாள் வேலைக்கு ஒரு நாள் உரிமை சேரும், உச்சம் 365 நாள். வேலை போன 12 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தானாக விலகினால் கிடைக்காது. ஆகவே வீட்டுக்காரர் ஊர் மாறிப் போவதால் வேலையை முடிக்கும்போது "நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று ராஜினாமாக் கடிதம் வாங்குவது அவருடைய உதவித்தொகையைப் பறிப்பதற்குச் சமம். ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு நான்கு வார முன்னறிவிப்பு. ஊர் மாறுவது போன்ற காரணம் என்றால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தனி.

இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்பவர் ஒரு வீட்டை மட்டும் இழந்தாலும் மனுப் போடலாம். வீட்டுக்காரர் இறந்துபோனாலும் போடலாம். இந்த இரண்டும் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே உள்ள விதிகள். வயதான பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் நம்மிடம் அதிகம் என்பதால் தாளில் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

டோங்காட்_முருகேசன்:

எல்லாம் சரி, ஆனால் பல வீடுகளில் வேலைக்கு வரும் அம்மாவே "பதிவு வேண்டாம், பிள்ளைக்கு வரும் அரசு உதவி நின்றுவிடும்" என்கிறார். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கு 518ம் பாரம். இதற்கு என்ன வழி?

சாட்ஸ்வொர்த்_தேவி:

முருகேசன் ஐயா, பிள்ளை உதவித்தொகை நிற்காது. 2025 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்கு அது பிள்ளைக்கு மாதம் 560 ராண்ட். அந்த ஆண்டு வரம்புப்படி, தனியாக இருக்கும் தாயின் வருமானம் மாதம் 5,600க்குள் இருந்தால் கிடைக்கும். 2,245 அந்த வரம்பில் பாதிகூட இல்லை. இரண்டு வீட்டு வேலையைச் சேர்த்தாலும் தாங்கும். நிற்கக்கூடியது 370 ராண்ட் துயர்துடைப்புத் தொகை. அதற்கு வருமான வரம்பு 624தான், யூ.ஐ.எஃப். பட்டியலையும் சரிபார்க்கிறார்கள். இந்தச் சம்பளம் வாங்குபவருக்குப் பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் உரிமை இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்று அந்த அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னால் பயம் போகும்.

கொடுக்க உண்மையிலேயே முடியாத வீட்டுக்கு விலக்கு உண்டு. தொழில் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பணியாளரிடம் பேசியிருக்க வேண்டும், கிடைத்தாலும் 12 மாதத்துக்குத்தான், அப்போதும் 90 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது, அதாவது மணிக்கு 25.91. விண்ணப்பிக்காமல் நாமே எடுத்துக்கொள்வது விலக்கு ஆகாது. இன்னொரு நேர்வழி, அவரோடு உட்கார்ந்து பேசி, சம்மதத்தை எழுத்தில் வாங்கி, மூன்று நாளை இரண்டாக்குவது. மற்ற நாளில் அவர் வேறு வீடு பார்த்துக்கொள்ளவாவது முடியும்.

மேரிட்ஸ்பர்க்_செவிலி:

அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை.

2012இல் பிரிட்டோரியாவில் மரியா மஹ்லாங்கு என்ற வீட்டுப் பணியாளர் வேலையின்போது அந்த வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். அவருக்குக் கண்பார்வை குறைவு, நீந்தத் தெரியாது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை என்பதால் மகளுக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2020 நவம்பர் 19இல் அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்பு. 1994 ஏப்ரல் 27 வரை பின்னோக்கியும் அது செல்லும். ஆகவே இப்போது ஒரே ஒரு பகுதிநேர ஆளை வைத்திருக்கும் வீடும் இழப்பீட்டு நிதியில் பதிவு செய்தாக வேண்டும். கோய்டா என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். பதிவுப் படிவம் டபிள்யூ.ஏ.எஸ்.2. ஆண்டுக்கு ஒருமுறை சம்பளக் கணக்கு காட்டிக் கட்டணம் கட்ட வேண்டும். இதில் பணியாளரிடமிருந்து ஒரு காசும் பிடிக்கக் கூடாது, முழுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு.

விபத்து நடந்தால் ஏழு நாளுக்குள் வீட்டுக்காரர் டபிள்யூ.சி.எல்.2 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். முதலில் பார்க்கும் மருத்துவர் டபிள்யூ.சி.எல்.4 நிரப்புவார். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அவசரத்தில் ஆளைக் கிளினிக்கில் இறக்கிவிட்டு, "வீட்டில் விழுந்தார்" என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். மருத்துவர் சாதாரண நோயாளி அட்டையில் எழுதி முடித்துவிடுவார். பிறகு அது வேலையில் பட்ட அடி என்று நிரூபிக்கத் தாள் இருக்காது. ஆகவே முதல் வாக்கியமே "வேலை செய்யும்போது பட்ட அடி" என்று இருக்கட்டும். நாள், நேரம், எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லுங்கள். வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம் கிடைக்கும். முதல் மூன்று மாதம் வீட்டுக்காரர் கொடுத்து, நிதியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

டாக்சியில் வரும் வழியில் விபத்து என்றால் பொதுவாக இதில் வராது, அது சாலை விபத்து நிதிக்குப் போக வேண்டிய மனு.

தாளில் இரண்டு வரி பாதுகாப்புக்கும் ஒதுக்குங்கள். ஜிக் போன்ற ப்ளீச்சை அம்மோனியா கலந்த தரைத் திரவத்தோடோ, கழிப்பறை ஆசிட்டோடோ சேர்த்து ஊற்றவே கூடாது. முதலாவதில் குளோரமீன், இரண்டாவதில் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் ஜன்னலை மூடிக்கொண்டு தேய்க்கும்போது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். பழைய குளிர்பான பாட்டிலில் ப்ளீச்சை ஊற்றி வைக்காதீர்கள். ஏணியில் ஏறி வெளி ஜன்னல் துடைக்கும் வேலைக்குக் கீழே பிடிக்க இன்னொருவர் இல்லையென்றால் அன்று அந்த வேலை வேண்டாம்.

கடலோரத்_தமிழன்:

சரசா அக்கா தலைப்புப் பற்றிக் கேட்டதற்கு. "கண்ணியமான வேலை" என்ற சொல்லை 1999இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தலைமை இயக்குநர் ஹுவான் சோமாவியா முன்வைத்தார். வேலை, உரிமை, சமூகப் பாதுகாப்பு, உட்கார்ந்து பேசும் வழி என்று நான்கு தூண்கள். 2015இல் ஐ.நா. வகுத்த 17 இலக்குகளில் எட்டாவதாக அது ஏறியது.

உலகக் கணக்கில் நல்லதும் உண்டு. 2000இல் 24.6 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர்கள் 2024இல் 13.8 கோடி. ஆனால் 2025க்குள் முற்றாக ஒழிப்போம் என்று சொல்லியிருந்தார்கள், அது நடக்கவில்லை. ஏதாவது ஒரு சமூகப் பாதுகாப்பாவது உள்ளவர்கள் 2023இல்தான் முதல்முறையாக உலக மக்களில் பாதியைத் தாண்டினார்கள், 52.4 சதவீதம். வீட்டுப் பணியாளர்கள் உலகில் 7.56 கோடி, நான்கில் மூவர் பெண்கள், 81 சதவீதம் பேர் எந்தப் பதிவிலும் இல்லாதவர்கள். மனித வளர்ச்சிக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் அளக்கிறது. ஒரு பெண்ணுக்கு நாளைக்கு அந்த வேலை இருக்குமா என்பது அதில் தெரியாது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

வீட்டுப் பணியாளர் உடன்படிக்கை, 189ஆம் எண், 2011இல் வந்தது. ஆப்பிரிக்காவில் முதலில் ஏற்றது மொரிஷியஸ், 2012இல். தென்னாப்பிரிக்கா 2013இல் ஏற்றது, இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அதே 2013இல் சர்வதேச வீட்டுப் பணியாளர் கூட்டமைப்பு அமைந்தபோது அதன் முதல் தலைவரானவர் தென்னாப்பிரிக்கப் பணியாளர் சங்கத்தின் மர்ட்டில் விட்பூய்.

ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகும் எங்கே தடுக்கிறது? ஆய்வாளர் தொழிற்சாலைக் கதவைத் தட்டி உள்ளே போகலாம். வீட்டுக்குள் போக வீட்டுக்காரர் சம்மதமோ தொழிலாளர் நீதிமன்ற அனுமதியோ வேண்டும். இங்கே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்கள் படுக்கையறையும் சமையலறையுமாக இருக்கின்றன. வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாட்டில் புகார் கொடுத்தால் நாளைக்கு வேறு ஆள் வந்துவிடுவார் என்ற பயம் வேறு. உருகுவே 2006இல் தனிச்சட்டம் போட்டு, 2008 முதல் இல்லத்தரசிகள் சங்கத்தையும் பணியாளர் சங்கத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சம்பளம் பேசுகிறது. பெல்ஜியத்தில் அரசு மானியத்தோடு வீட்டுக்காரர் சீட்டு வாங்கிக் கொடுப்பார், பணியாளரின் முதலாளி ஒரு நிறுவனம், பதிவு தானாக நடந்துவிடும். இங்கே அப்படி எதுவும் இல்லாதவரை, உங்கள் கோயில் தாள் மாதிரியான வேலைதான் கதவுக்கு உள்ளே போகும். அதனால் தலைப்பைத் தாராளமாகப் போடுங்கள்.

இன்னொன்று. ஜிம்பாப்வே, மலாவியிலிருந்து வந்து அனுமதிப் பத்திரம் இல்லாமல் வேலை செய்பவருக்கு உரிமை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பத்திரம் இல்லாதவரும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிதான் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. அவரை வேலைக்கு வைத்ததற்காகக் குடிவரவுச் சட்டப்படி குற்றவாளியாவது வீட்டுக்காரர்.

சரசா_வெரூலம்:

எல்லாருக்கும் நன்றி. ஒரே தாளில் இவ்வளவும் அடங்காது போலிருக்கிறது. எழுத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது எது, தகராறு வந்தால் எங்கே போவது என்று மட்டும் சொல்லுங்கள்.

பீனிக்ஸ்_கணக்கர்:

மூன்று பக்கமாகப் பிரித்துவிடுங்கள் அக்கா: சம்பளம், யூ.ஐ.எஃப்., விபத்து.

எழுத்தில் வேண்டியது இரண்டு. வேலை விவரத் தாள், முதல் நாளே: இரு தரப்புப் பெயர், என்ன வேலை, எந்தெந்த நாள், எத்தனை மணி, மணிக்கு எவ்வளவு, விடுப்பு, முன்னறிவிப்பு. ஆங்கிலம் படிக்காதவர் என்றால் அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டியதும் சட்டக் கடமை. ஜூலு தெரிந்தவரை வைத்து வரிவரியாகச் சொல்லுங்கள். அடுத்தது சம்பளம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் சம்பளச் சீட்டு: வீட்டுக்காரர் பெயர் முகவரி, பணியாளர் பெயர், எந்தக் காலத்துக்கு, மணி, விகிதம், பிடித்தம் எதற்கு, கையில் எவ்வளவு. மூன்று ஆண்டு பத்திரமாக வையுங்கள்.

சீட்டுக்கு அடிப்படை ஒரு நாற்பது பக்க நோட்டு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி: "செவ்வாய், வந்தது 7.30, சாப்பாடு 11.00–11.30, போனது 2.00, மொத்தம் 6", பக்கத்தில் இருவர் கையெழுத்து. வார முடிவில் ஒன்றாக எழுதினால் நினைவிலிருந்து எழுதுவதாகிவிடும், தகராறு அங்கேதான் பிறக்கிறது. அன்றன்றைக்கே எழுதுங்கள்.

சம்பளப் பாக்கியோ வேலை நீக்கமோ, இரண்டுக்கும் தொழில் தகராறுகளைச் சமரசம் பேசித் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வுக்குப் போகலாம். படிவம் 7.11, கட்டணம் இல்லை. வேலை நீக்கம் என்றால் 30 நாளுக்குள் போட வேண்டும், அதுவும் வேலை நின்ற நாளிலிருந்து எண்ணிய 30 நாள், ஞாயிறும் விடுமுறையும் சேர்த்து. பணியாளர்களுக்கு ஜூலு மொழியில் ஒரு தாள் போட்டால் அதிலும் இந்த வரியை மறக்காமல் சேருங்கள்.